போகாத வியட்நாமும் வராத பணமும்

வெளிநாடு போய்வந்தவர்கள் அதைப் பற்றி நாலு பக்கம் எழுதாமல் விடுவதில்லை. நானும் போய்வந்தேன். பாஸ்போர்ட்டில் அதற்கு முத்திரை இருக்கிறது. நான் போன வெளிநாடு, பெங்களூர் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரியின் மேஜையைத் தாண்டியதும் தொடங்கி, விமானத்தின் கதவுக்கு நாலு எட்டு முன்னால் முடிந்துவிடுகிறது. சின்ன நாடுதான். ஆனால் பெருக்கித் துடைத்துப் பளிச்சென்று வைத்திருக்கிறார்கள்.

அங்கே எந்நேரமும் குளிர். மக்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலிகளில் குறுக்கே படுத்துக் கிடக்கிறார்கள். மீதிப் பேர் ஏதாவது ஒரு சுவரில் சார்ஜரைச் சொருகிவிட்டு அதன் பக்கத்திலேயே குடித்தனம் நடத்துகிறார்கள். மது மலிவு, இட்லி கிராக்கி. ஒரு தட்டு இட்லிக்கு அவர்கள் கேட்ட விலையில் எங்கள் ஜோகுபாளையத்தில் ஒரு குடும்பமே உட்கார்ந்து டிபன் சாப்பிடலாம். சட்னியோ விரலை நனைக்கத்தான் போதும். இன்னும் கொஞ்சம் கேட்டேன். பரிமாறிய பையன், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதைப் போல என்னைப் பார்த்தான்.

இந்த நாட்டுக்கு நான் போக நேர்ந்தது என் மனைவி ஸ்டெல்லாவால். பொம்மனஹள்ளியில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் நிறைவதற்கு நகை வேண்டாம், பிரியாணி விருந்து வேண்டாம், ஒரே ஒரு தடவை கடல் தாண்டிப் பார்த்துவிட வேண்டும் என்றாள். மாதாமாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தை எடுத்து வைட்ஃபீல்டில் ஒரு டிராவல்ஸில் கட்டினாள். ஒரு வாரம் வியட்நாம். ஆளுக்கொரு மஞ்சள் தொப்பி கொடுத்தார்கள். தொப்பியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் அவள் நின்ற நிற்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான் பள்ளிக்கூட வாத்தியார். பாடம் இயற்பியல். விமானம் ஏன் கீழே விழாது என்று படம் போட்டு விளக்கியே என் தலை நரைத்திருக்கிறது. அதுவரை விமானத்தில் ஏறியதில்லை என்றாலும் பயம் என்று ஒன்றும் இருக்கவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம்வரை இருக்கவில்லை.

எங்கள் சபையில் யாராவது தூரப் பயணம் போனால் வீட்டில் கூடிப் பிரயாண ஜெபம் செய்வது வழக்கம். கேசரி, மிக்சர், டீ உண்டு. ஜெபத்தை நடத்த வந்தவர் சபை மூப்பர் ஞானராஜ் அண்ணன். அவர் வாழ்நாள் முழுக்க விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்ற மூப்பர்கள் 'போக்கையும் வரத்தையும் காத்தருளும்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு கேசரிக்கு வந்துவிடுவார்கள். அண்ணனுக்கு அப்படிப் பொதுவாகச் சொல்லத் தெரியாது.

"ஆண்டவரே, இறக்கையிலே இருக்கிற ஒவ்வொரு ரிவெட்டையும் உமது கரத்தினாலே பிடித்துக்கொள்ளும். ஹைட்ராலிக் குழாயிலே கசிவு உண்டாகாதபடி காத்தருளும். பறவைகள் இன்ஜினுக்குள்ளே போகாதபடி விலக்கும். ஒரு இன்ஜின் நின்றுபோனாலும் மற்ற இன்ஜின் நின்றுபோகாதபடி தாங்கும். நடுச் சமுத்திரத்தின் மேலே எரிபொருள் வால்வு அடைத்துக்கொள்ளாதபடி கிருபை செய்யும்."

இப்படியே மூக்கிலிருந்து வால்வரை போனார். சக்கரத்துக்கு வந்தபோது எனக்கு உள்ளங்கை வேர்த்தது. எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டுக் கேசரியை எடுத்தார்கள். எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் காலை, மேலே சொன்ன அந்தச் சின்ன நாட்டின் கண்ணாடிச் சுவர் வழியாக எங்கள் விமானத்தைப் பார்த்தேன். இறக்கைக்குக் கீழே ஒரு மெக்கானிக் டார்ச் அடித்து எதையோ பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார். தலை அரித்திருக்கலாம், மனுஷனுக்கு அரிக்காதா? ஆனால் வரிசை நகர்ந்தபோது என் கால் நகரவில்லை.

ஸ்டெல்லா முதலில் கெஞ்சினாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு நடந்து வரச் சொன்னாள். பின்னால் இருந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனார்கள். கடைசியில் வரிசையே தீர்ந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வரமாட்டீங்க, இல்ல?"

என் கையிலிருந்த ஊறுகாய்ப் பையை வாங்கிக்கொண்டாள்.

"சரி. நான் வர்றதுக்குள்ள உங்களுக்குப் போட்ட காசையாவது திரும்ப வாங்கி வைங்க. உங்களால அதாவது ஆகும்ல?"

மஞ்சள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. என் பெட்டியை விமானத்தின் வயிற்றிலிருந்து தேடி எடுக்க நேரமானது என்றும், அதுவரை உள்ளே இருந்தவர்கள் என்னைப் பெயர் சொல்லாமல் திட்டினார்கள் என்றும் பிறகு தெரிந்தது. குடியேற்ற அதிகாரி கன்னடத்தில் காரணம் கேட்டார். பயம் என்றேன். தன் மாமனாரும் இதே ரகம் என்று சொல்லிவிட்டு, வெளியேறியதற்கான முத்திரையின் மேல் 'ரத்து' என்று இன்னொன்றைக் குத்தினார். அப்படியாக நான் தாயகம் திரும்பினேன்.

தெருவில் நான் பெட்டியோடு இறங்கியதும் இஸ்திரிக் கடைக்காரர், ஃப்ளைட் லேட்டா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சாயங்காலத்துக்குள் அவர் அதை நம்பவில்லை என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது.

மறுநாள் பயணம் வைட்ஃபீல்டுக்கு. அல்சூரில் மெட்ரோ ஏறினேன். பெட்டியில் எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டை, எல்லோர் காதிலும் ஏதோ ஒன்று. என் கழுத்தில் ஒன்றும் இல்லாததால் ஒருவரும் எனக்கு வழிவிடவில்லை. வைட்ஃபீல்ட் ஸ்டேஷனிலிருந்து அந்த டிராவல்ஸ் கூப்பிடு தூரம்தான். ஆனால் அங்கே கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது. சிக்னலில் நின்றிருந்த அலுவலகப் பேருந்துகளுக்கு நடுவில் புகுந்து புகுந்து நடந்தேன். அவற்றுக்குள் இருந்தவர்கள் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

டிராவல்ஸ் மேலாளருக்கு என் கடைசி வகுப்பு மாணவன் வயதுதான் இருக்கும். என் வலியைத் தான் உணர்வதாக ஆங்கிலத்தில் சொன்னார். உணர்ந்துவிட்டு கம்ப்யூட்டரைப் பார்த்தார். அறை இருவருக்கு எடுத்தது, அதில் இப்போது மேடம் மட்டும் தங்குகிறார், இருவர் அறையில் ஒருவர் தங்கினால் அது தனியறை, தனியறைக்குக் கட்டணம் கூடுதல் என்று படிப்படியாக விளக்கினார். பாதிப் பணத்தை வாங்கப் போனவன், இன்னும் கொஞ்சம் பணம் தரவேண்டியவனாக உட்கார்ந்திருந்தேன். எங்கள் வெள்ளி விழாவை முன்னிட்டு அந்தக் கூடுதல் கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்வதாக அவர் அறிவித்தார். நான் எழுந்து கைகொடுத்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன். லிஃப்டில் இறங்கும்போதுதான் எதற்கு நன்றி சொன்னேன் என்று யோசித்தேன். டிக்கெட்டோடு சேர்த்து ஸ்டெல்லா இன்ஷூரன்ஸும் எடுத்திருக்கிறாள், அங்கே போய்க் கேளுங்கள் என்று அவர் சொன்னது ஒன்றுதான் மிச்சம்.

ஆந்திரா மீல்ஸ் கடை ஒன்றில் பருப்புப் பொடியும் நெய்யுமாகப் பிசையும்போது போனில் படம் வந்தது. ஹனோயில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் ஸ்டெல்லா. எதிரே பெரிய கிண்ணத்தில் சூப். அதில் நூடுல்ஸ், இலை தழை, எலும்பு. 'தண்ணியில கூட மீன் வாசனை வருது. ஊறுகாய் இருக்கிறதால பொழைச்சேன்' என்று எழுதியிருந்தாள். காசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஸ்டெல்லா ஒன்றைக் கேட்காமல் விடுகிறாள் என்றால் அதை மறக்கவில்லை என்று அர்த்தம்.

இன்ஷூரன்ஸ் அலுவலகம் பொம்மனஹள்ளிப் பக்கம் ஓசூர் ரோட்டின் மேல், ஒரு டைல்ஸ் கடைக்கு மாடியில். மறுநாள் சில்க் போர்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரர் சுற்றிப்போக நேரமாகும் என்று சொல்லி, எதிரே லாரிகள் வரும் பக்கமாகவே வண்டியை விட்டார். ஹேண்டில்பாருக்கு மேலே போனில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. விக்கெட் விழுந்தபோது இரண்டு கையையும் எடுத்துத் தட்டினார். நான் சாய்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போனேன். என் நெஞ்சு கொஞ்சம்கூட அடித்துக்கொள்ளவில்லை. அதை அப்போது நான் கவனிக்கவே இல்லை என்பதுதான் விசேஷம்.

அதிகாரி முருகேசன் ஆம்பூர்க்காரர். தமிழில் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் டீ வரவழைத்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"சார், சும்மா உங்கள அலைய விட மாட்டேன், ஓப்பனா சொல்லிடறேன். பயத்துக்குக் காசு குடுக்க மாட்டாங்க. வியாதின்னா குடுப்பாங்க. டாக்டர் எழுதிக் குடுக்கட்டும். ஆனா பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே இருந்த வியாதியா இருக்கக் கூடாது. புதுசா வந்ததுன்னு தெரிஞ்ச ஆளு யாராவது ஒரு லெட்டர் குடுத்தா நல்லது."

எனக்குத் தெம்பு வந்தது. என் பயத்துக்குப் பிறந்த நாளும் நேரமும் உண்டு. சாட்சிக்கு ஒரு வீடு நிறைய ஆட்கள் உண்டு. கீழே தள்ளுவண்டியில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுவிட்டு, அன்றைக்கே பிரேசர் டவுனில் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பொறுமையாகக் கேட்டார். லிஃப்டில் பயமா, உயரத்தில் பயமா, கூட்டத்தில் பயமா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். அப்படியானால் எப்போதிலிருந்து என்றார். ஜெபத்திலிருந்து என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்குவதற்கு அவர் எத்தனை வருஷம் படித்தாரோ, நன்றாகவே அடக்கினார். நெஞ்சுப் படபடப்பு, வாய் வறட்சி, வியர்வை, கால் நகராமை என்று சான்றிதழில் வரிசையாக எழுதினார். படித்தபோது எனக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. இவ்வளவு முடியாதவனை வியட்நாமுக்கு இழுத்துக்கொண்டு போகப் பார்த்தாளே என்றுகூடத் தோன்றியது.

வெள்ளியும் சனியும் வீட்டில் கிடந்தேன். படங்கள் வந்துகொண்டே இருந்தன. கடலுக்கு நடுவே பாறைகள், படகில் உயிர்காப்பு அங்கியோடு ஸ்டெல்லா. கோயில் வாசலில் ஸ்டெல்லா. பாலத்தில் ஸ்டெல்லா. எடுத்தவருக்குப் படம் எடுக்கவே தெரியவில்லை என்று முதலில் நினைத்தேன். ஒவ்வொரு படத்திலும் அவள் ஓரமாக நிற்கிறாள், வலது பக்கம் காலியாகக் கிடக்கிறது. பழைய ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். மைசூர், ஊட்டி, வேளாங்கண்ணி, எல்லாவற்றிலும் அவளுக்கு வலது பக்கம் நான்தான் நிற்கிறேன். கூச்சமாக இருந்தது. ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு, பணத்தையாவது வாங்கிவிட வேண்டும் என்று இன்னும் தீவிரமாக முடிவு செய்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து சபை வளாகத்தில் டீயும் பிஸ்கட்டும் கொடுக்கும் இடத்தில் ஞானராஜ் அண்ணனைப் பிடித்தேன். என் பயம் அவருடைய ஜெபத்தின்போதுதான் வந்தது என்று ஒரு கடிதம் வேண்டும் என்றேன். அண்ணன் பிஸ்கட்டை டீயில் தோய்த்தபடியே நின்றுவிட்டார். பாதி பிஸ்கட் டீயில் விழுந்தது.

"தம்பி, ஜெபம் பண்ணா பயம் போகும். வராது."

வந்துவிட்டது அண்ணா என்றேன்.

"அந்த ப்ளேன் பத்திரமா போய்ச் சேர்ந்துச்சா இல்லியா?"

சேர்ந்தது என்றேன்.

"ஒரு ரிவெட்டாவது கழண்டுச்சா?"

இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

"அப்புறம் ஜெபத்துல என்ன குத்தம் கண்டுட்டே?"

ஆனாலும் மனுஷன் நல்லவர். சகோதரனுக்கு உதவி என்று கேட்டபின் இல்லை என்று சொல்லமாட்டார். வீட்டுக்குப் போய் எழுதி, சபை முத்திரையும் வைத்துக் கொடுத்தார். படித்துப் பார்த்தேன். இந்தச் சகோதரனுக்குப் பயம் இருப்பது உண்மை, அதற்குக் காரணம் ஜெபமல்ல, இவருக்கு ஆரம்பத்திலிருந்தே விசுவாசம் குறைவு என்பதைச் சபையார் அறிவோம் என்று இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பயம் இருப்பது உண்மை என்று முத்திரையோடு இருக்கிறதே, அது போதும் என்று வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை முருகேசன் டாக்டர் சான்றிதழைப் படித்துத் தலையாட்டினார். அடுத்து அண்ணனின் கடிதத்தைப் படித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"ஆரம்பத்துலேருந்தேன்னு போட்டிருக்காரே சார். அப்ப இது பழைய வியாதி."

அது விசுவாசம் பற்றியது, வியாதி பற்றியது அல்ல என்று விளக்கினேன். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டார். ஒரு தொடர்பும் இல்லை என்று வாதாடினேன். அப்படியானால் இந்தக் கடிதத்தை ஏன் இணைத்தீர்கள் என்றார். இயற்பியலில் இப்படி ஒரு மூலையில் என்னை எந்த மாணவனும் மாட்டவைத்ததில்லை.

பிறகு பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டினார். முத்திரையைப் பார்த்ததும் அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. புறப்படுவதற்கு முன்னால் ரத்து செய்திருந்தால் ஒரு வழி இருந்தது, ஆனால் நான் குடியேற்றத்தைத் தாண்டிவிட்டதால் பயணம் தொடங்கிவிட்டது என்றார். பாதியில் உடம்பு சரியில்லாமல் திரும்பியதாக வைத்துக்கொள்ளக் கூடாதா என்றேன். பழைய வியாதிக்கு அதுவும் கிடையாது என்றார். ஆக, கம்பெனியின் கணக்கில் நான் வெளிநாடு போனேன், ஒரு ஆபத்தும் இல்லாமல் திரும்பி வந்தேன். பயணம் இனிதே நிறைவடைந்தது.

"டிரிப் கம்ப்ளீட் ஆயிடுச்சு சார்," என்று பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். வழியனுப்ப மாடிப்படிவரை வந்தார்.

செவ்வாய்க்கிழமை ஸ்டெல்லாவை அழைத்துவரப் போனேன். ஏர்போர்ட் பஸ்ஸில் போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். டிராவல்ஸ்காரன் மோசடி என்று தொடங்கலாமா, அண்ணன் கெடுத்துவிட்டார் என்று தொடங்கலாமா? இரண்டுமே நன்றாக இருந்தன. என் பேரில் தொடங்கும் ஒத்திகை மட்டும் வரவில்லை.

மஞ்சள் தொப்பிகள் கும்பலாக வெளியே வந்தன. ஸ்டெல்லா கறுத்திருந்தாள். தொப்பிக்கு மேலே கூம்பாக ஒரு ஓலைத் தொப்பி வேறு. யாரோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டே வந்தவள், என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தாமல் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள். காலி ஊறுகாய்ப் பையை என்னிடம் கொடுத்தாள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் காசு வந்ததா என்று கேட்டாள். வரவில்லை என்றேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்து, இருவர் அறை, முத்திரை, விசுவாசக் குறைவு என்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். அண்ணனின் கடிதத்துக்கு அவள் சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. நான் ஒன்றும் சோம்பேறித்தனமாக இருந்துவிடவில்லை என்று காட்ட டாக்டரின் சான்றிதழை எடுத்து நீட்டினேன். இது நிஜமான வியாதி, பார், டாக்டரே எழுதியிருக்கிறார் என்றேன்.

ஸ்டெல்லா அதை வெளிச்சத்துக்குப் பிடித்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். நெஞ்சுப் படபடப்பு. வாய் வறட்சி. வியர்வை. படித்து முடித்து மடித்தாள்.

"இதெல்லாம் எனக்கும் இருந்துச்சு."

நான் அவளைப் பார்த்தேன்.

"அண்ணன் ரிவெட்டு ரிவெட்டா ஜெபம் பண்ணும்போது நான் என்ன காதைப் பொத்திக்கிட்டா இருந்தேன்? ப்ளேன் மேல ஏறும்போது பக்கத்துல இருந்த பொண்ணு கையைப் புடிச்சுக்கிட்டேன். யாரோ, எவரோ. என் நகம் பட்டு அவ கை செவந்துடுச்சு. வழி பூரா சாரி சாரின்னு சொல்லிட்டே போனேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு வாரமாக நான் ஊர் முழுக்கச் சுற்றி எனக்குப் பயம் என்பதற்கு முத்திரை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அதே பயத்தை அவள் முன்பின் தெரியாத ஒருத்தியின் கையில் வைத்துக்கொண்டு கடலைத் தாண்டியிருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் என் இருக்கைக்குக் கட்டிய காசு எதற்கு என்று இப்போதுதான் புரிந்தது. அதை எந்த அலுவலகத்தில் கேட்பது?

ஸ்டெல்லா சான்றிதழை என் சட்டைப் பையில் செருகினாள்.

"அடுத்த தடவை பயப்படணும்னா, பக்கத்து சீட்டுல உக்காந்து பயப்படுங்க."

கண்டக்டர் வந்தார். இரண்டு டிக்கெட் வாங்கினேன். ஹெப்பால் மேம்பாலத்தில் பஸ் ஏறியபோது என் கையை அவள் பக்கம், எட்டிப் பிடிக்கும்படியாக வைத்தேன். ஸ்டெல்லா ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டாள். பஸ்ஸில் போக அவளுக்கு என்ன பயம்.